பொருநைக் கரையில் மகளிர் ஆடையின் பருவங்கள்

அரபு மொழியில் ‘மவ்ஸிம்’ என்றொரு சொல் உண்டு. அடையாளக் குறி என்று பொருள்படும் ‘வஸ்ம்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது அது. ஆண்டின் ஓட்டத்தில் அடையாளமிட்டு வைக்கப்பட்ட காலம் என்பது அதன் கருத்து. அறுவடைக்கு ஒரு மவ்ஸிம், சந்தைக்கு ஒரு மவ்ஸிம், ஹஜ்ஜுக்கு ஒரு மவ்ஸிம் என்று அரபு மக்கள் வழங்கினர். இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்திய அரபு மாலுமிகள், பாய்மரத்தை நிறைக்கும் காற்றின் காலத்தையும் அச்சொல்லாலேயே குறித்தனர். அதுவே போர்த்துக்கீசியர் நாவில் உருமாறி, ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, இன்று ‘மான்சூன்’ என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

இச்சொல்லை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நெல்லை நகரின் கடைவீதிகளில் ‘இந்த சீசன் புதுவரவு’ என்னும் பலகையைக் காணாமல் இன்று நடக்க இயலாது. சேலைக்கு சீசன், சுடிதாருக்கு சீசன், செருப்புக்கு சீசன் என்றிருந்தது போய், பர்தாவுக்கும் சீசன் வந்துவிட்டது. கையில் பூவேலை செய்த அபாயா ஒரு பெருநாளுக்கு என்றால், அடுத்த பெருநாளுக்குக் கல் பதித்த அபாயா. இதைக் காணும் பெரியவர்கள், “அந்தக் காலத்தில் ஆடைக்கு ஏது பருவம்? எங்கள் உம்மாமார் என்றும் ஒரே உடுப்புத்தானே உடுத்தினார்கள்?” என்று பெருமூச்சு விடுகின்றனர்.

பெரியவர்களின் கவலையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் சொல்லும் வரலாறு சரிதானா? பொருநை என்னும் தாமிரவருணியின் கரைகளில் ஆடைக்குப் பருவம் இல்லாதிருந்த காலம் உண்டா? சற்றே ஆராய்வோம்.

காற்றின் பருவம்

பொருநை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே இருந்த காயல் துறைமுகத்தை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ வருணித்திருக்கிறார். ஹுர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றன என்கிறார். அது இன்றைய பழையகாயலே என்பதைப் பின்னாளில் கால்டுவெல் அவர்கள் விரிவாக எடுத்துக்காட்டினார்.

அதே மார்க்கோ போலோ, ‘மஅபர்’ என்று அரபியர் அழைத்த இந்நாடு முழுவதிலும் துணி வெட்டித் தைக்கும் தையற்காரர் ஒருவர்கூட இல்லை என்று வியந்து எழுதினார். வெப்பம் மிகுந்த நாட்டில் மக்கள் தைக்காத துணியைச் சுற்றி உடுத்தினரே அன்றி, வெட்டித் தைத்த ஆடையை நாடவில்லை. குளிர்நாட்டுப் பயணிக்கு அது வியப்பாகப் பட்டது. நம் முன்னோருக்கு அது பருவத்திற்கேற்ற அறிவாக இருந்தது. ஆடை வெப்பத்திலிருந்து மனிதனைக் காக்கிறது என்பதை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறையின் நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துரைப்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும்.

தைத்த ஆடை பின்னர் இங்கே பெருகியபோது அதன் பெயர்கள் பல கடல்வழியே வந்தன. கமீஸ் அரபுச் சொல். சால்வை பாரசீக வழிச் சொல். சப்பாத்து போர்த்துக்கீசியச் சொல். சரிகை என்பதும் பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்ததே. இச்சொற்களைச் சுமந்து வந்த கலங்கள் நினைத்த நாளில் வரவில்லை. தென்மேற்குக் காற்றில் அரபு நாட்டிலிருந்து புறப்பட்டவை, வடகிழக்குக் காற்றில் திரும்பின. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய பிறகு, உள்நாட்டில் நெய்த பருத்தித் துணியை அவர்களும் வாங்கி ஏற்றினர். அவர்களுடைய கப்பல்களும் இக்காற்றுகளை அனுசரித்தே ஓடின. ஆகவே கடற்கரை ஊர்ப் பெண்கள் கைக்குப் புதுத்துணி வந்த காலமும், உள்நாட்டு நெசவாளியின் துணிக்குக் கேட்பு ஏற்பட்ட காலமும் காற்றின் மவ்ஸிமைச் சார்ந்தே இருந்தன.

இது குறைஷியரின் நிலைக்கு ஒப்பானது. குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் என்று அவர்கள் வணிகம் நடத்தியதைத் திருமறை தனி அத்தியாயத்திலேயே குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் எமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் சென்ற அந்த ஒட்டகத் தொடர்கள் ஏற்றிய சரக்குகளுள் தோலும் துணியும் இருந்தன. பருவத்தோடு ஆடையும் காலணியும் நகர்வது இன்று தோன்றிய புதுமை அன்று.

ஆற்றின் பருவம்

கரையிலிருந்து உள்ளே வந்தால் காற்றின் பருவத்தோடு ஆற்றின் பருவமும் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையாலும் வடகிழக்குப் பருவமழையாலும் நீர் பெறும் ஆறு தாமிரவருணி. ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் அறுவடையாகும் கார் ஒரு போகம். ஐப்பசியில் நட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகும் பிசானம் மற்றொரு போகம். நெல் களத்துக்கு வந்த பிறகுதான் உழவர் வீட்டில் துணி எடுக்கும் பேச்சு எழும். ஆடி மாதத்தில் கார்ப் பயிர் வயலில் நிற்கும், கையில் காசு இராது, திருமணங்களும் இரா. துணிக்கடை ஓய்ந்து கிடக்கும் அம்மாதத்தில் இருப்பைக் கழிப்பதற்கு வணிகர் கண்ட வழியே இன்று நாடறிந்த ஆடித் தள்ளுபடி. நகரத்துப் பெண்மணி தள்ளுபடியில் சேலை வாங்கும்போது, தான் உழவனின் நாட்காட்டியைப் பின்பற்றுகிறோம் என்பதை உணர்வதில்லை.

இப்பருவத்தின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர் நெசவாளர். பாளையங்கோட்டையை அடுத்த மேலப்பாளையம், நெசவுத் தொழிலால் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது அதனுள் இணைந்தது. நூலுக்குக் கஞ்சி ஏற்றி, தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, ஈரம் காயுமுன் இழை இழையாக நீவிவிட வேண்டும். இதற்கு விடிகாலையும் வேண்டும், வெயிலும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு விரிக்கத் தெரு கிடையாது. குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். தீபாவளிக்காக இரவும் பகலும் நெய்து முடித்த கையோடு மழையும் வேலையின்மையும் சேர்ந்து வரும். உழவனுக்கு உயிர் கொடுத்த மழையே நெசவாளியின் அடுப்பை அணைத்தது. அந்நாட்களில் வாங்கிய கடனை அடுத்த பருவத்து நெசவு அடைத்தது.

நெசவில் பெண்களின் பங்கைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. தறியில் அமர்ந்தவர் ஆணாக இருக்கலாம். நூல் பிரித்ததும் தார் சுற்றியதும் வீட்டுப் பெண்களே. 1880-களில் ஹார்வி நிறுவனத்தார் பாபநாசத்தில் ஆற்று நீரின் விசையால் நூற்பாலை நிறுவிய பின் ஆலைநூல் இப்பகுதியில் பெருகியது. கைராட்டையின் வேலை குறைந்ததே தவிர, தார் சுற்றும் கைகளுக்கு ஓய்வு கிட்டவில்லை.

பிறையின் பருவம்

காற்றும் ஆறும் கதிரவனின் ஆண்டைப் பின்பற்றுவன. நம் பெருநாட்களோ பிறையைப் பின்பற்றுவன. சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். ஆகவே நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. நாடு விடுதலை பெற்ற 1947-ல் நோன்புப் பெருநாள் ஆகஸ்டு மாதத்தில் வந்தது. மீண்டும் 1980-ல் ஆகஸ்டில் வந்தது. மீண்டும் 2013-ல் ஆகஸ்டில் வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பரில் மற்றொரு நோன்புப் பெருநாளும் வந்தன.

இந்தச் சுழற்சி ஆடை வரலாற்றில் எத்துணைப் பெரிய செய்தி என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தீபாவளிச் சேலைக்குக் காலம் எப்போதும் ஐப்பசியை ஒட்டியே. பெருநாள் சேலைக்கோ நிலையான காலம் இல்லை. பெருநாள் மே மாதத்தில் வரும் ஆண்டுகளில் நம் பெண்கள் மெல்லிய பருத்தியை நாடுவர். மார்கழிப் பனியில் வரும்போது பட்டும் கனத்த துணியும் தேடுவர். பிசான அறுவடை முடிந்து வரும் பெருநாளில் கடைத்தெரு நிறையும். ஆடியில் வரும் பெருநாள் கடனில் கழியும். ஒரு பெண் தன் வாழ்நாளில் இந்த முழுச் சுற்றை இருமுறை கண்டால் அதுவே பெரும்பேறு.

நெசவாளிக்கும் வணிகருக்கும் இது இரண்டு முள் கொண்ட கடிகாரம். 2005-ல் தீபாவளி நவம்பர் முதல் நாளிலும், நோன்புப் பெருநாள் அதே வாரத்திலும் வந்தன. இரண்டு பெருங்கூட்டமும் ஒரே நாட்களில் கடைக்கு வந்தன. பின் பிறை நகர நகர, பெருநாள் தீபாவளியை விட்டு விலகியது. அவ்வாறு விலகும் ஆண்டுகள் நெசவாளிக்கு நன்மை தருவன. ஒரே மாதத்தில் குவிந்து பின் அடியோடு நின்றுபோகும் வேலை, ஆண்டில் இரு காலங்களாகப் பிரிகிறது. பிறையின் நாட்காட்டியில் இப்படியொரு நயம் மறைந்திருப்பதைத் தறியடியில் இருந்தோர் அறிவர். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலங்களில் தள்ளுபடி வழங்கியதும், 1983-ல் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்காகத் துணி நெய்யப்பட்டதும், இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய உதவின.

துப்பட்டி முதல் அபாயா வரை

இனி, “என்றும் ஒரே உடுப்பு” என்ற கூற்றுக்கு வருவோம். நெல்லைச் சீமையின் முஸ்லிம் ஊர்களில் வெளியே செல்லும் பெண்கள் சேலைக்கு மேல் வெண்ணிறத் துப்பட்டி போர்த்துச் சென்றதை நடுவயதினரும் கண்டிருப்பர். இரு அகலத் துணியை இணைத்தது என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லின் வழிவந்தது துப்பட்டி. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடப்பதற்கென்றே முடுக்குகள் அமைந்தன. ஆடையின் வேலையில் ஒரு பகுதியை அங்கே ஊரின் அமைப்பே செய்தது. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் குடும்பங்கள் சென்றன. கடல் கடந்து திரும்பியவர்கள் பத்திக் கைலிகளைக் கொண்டுவந்தனர். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் அரபு நாட்டு மணமகளைத் தமிழ்நாட்டு அணிமணிகளோடு காட்டியபோது, எவரும் அதனை மார்க்கத்துக்கு முரண் என்று கருதவில்லை.

1973-ல் எண்ணெய் விலை உயர்ந்த பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் இளைஞர்கள் கறுப்பு அபாயாவைக் கொண்டுவந்தனர். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் வெண்துப்பட்டி பெரும்பாலும் பெட்டிக்குள் போயிற்று. இரண்டில் எது மார்க்கம் என்று சிலர் வாதிடுகின்றனர். திருமறை முந்தானையைப் போர்த்திக்கொள்ளவும், வெளியாடையைத் தாழ்த்திக்கொள்ளவும் பணித்தது. நிறத்தையும் நெசவையும் விதிக்கவில்லை. அன்சாரிப் பெண்கள் கறுப்புத் துணி போர்த்துச் சென்றதற்கு நபிமொழித் தொகுப்பில் சான்று உண்டு. வெண்ணிற ஆடையின் சிறப்புக்கும் சான்று உண்டு. நம் பாட்டிமார் வெள்ளையால் மார்க்கத்தில் குறைந்தவர் அல்லர். நம் பெண்மக்கள் கறுப்பால் மரபை இழந்தவரும் அல்லர்.

ஆடை மானத்தின் பொருட்டானது என்பதற்கு, மலைக்கு அப்பால் நடந்த ஒரு வரலாறு போதும். நெல்லைச் சீமைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அண்டைநாடாக இருந்த தென்திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவது மேற்குலத்தாரால் தடுக்கப்பட்டிருந்தது. 1814-ல் வெளியான ஆணை, கிறிஸ்தவரான அப்பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் அணிவதைப் போன்ற குப்பாயம் அணியலாம் என்று இசைந்தது. நம் சகோதரியர் இயல்பாக அணிந்துவந்த ஒரு சட்டை, இன்னொரு குலத்துப் பெண்களுக்கு உரிமையின் அளவுகோலாக நின்றது. தோள்சீலைப் போராட்டம் நீண்டு, 1859 ஜூலையில் வெளியான அரச பிரகடனத்தால்தான் அவர்களின் மேலாடை உரிமை ஏற்கப்பட்டது. அப்போதும் மேற்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை ஒட்டியே இருந்தது.

காலணியின் கதை

காலணியின் வரலாறும் இதற்கு இணையானது. பள்ளிவாசல் ஹவுளின் அருகே மரமிதியடி கிடந்த காலத்தில், பெண்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தனர். சாதியால் தாழ்த்தப்பட்டோர் மேற்குலத்தார் தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாதிருந்த கொடுமையை நம் நாடு முழுவதும் கண்டது. மூஸா நபி (அலை) அவர்கள் துவா பள்ளத்தாக்கில் காலணியைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டது அல்லாஹ்வின் திருமுன்னிலைக்கு உரிய மரியாதை. மனிதன் தன் போன்ற மனிதனுக்கு முன் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதற்கு அதில் இடமில்லை. ரப்பர்ச் செருப்பு மலிவாகக் கிடைத்தபோது நம் ஏழைப் பெண்கள் பெற்றது அழகுப்பொருள் மட்டுமன்று; பங்குனி வெயிலில் சுடாத பாதமும், நிமிர்ந்த நடையும் ஆகும்.

இன்று அதிலும் பருவம் புகுந்துவிட்டது. மழைக்கு நெகிழிச் செருப்பு, பெருநாளுக்குக் குதியுயர்ந்த செருப்பு என்கின்றனர். வடக்கே ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டவர்கள். அங்கே ஐரோப்பியப் பெண்களின் குளிர்காலத்துக்கான காலணிகள் நம் கோடையிலேயே தைக்கப்படுகின்றன. தைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். எங்கோ பெய்யப்போகும் பனிக்காக இங்கே வெயிலில் ஒரு பெண் ஊசி ஓட்டுகிறாள். அந்தப் பருவத்தை அவள் தீர்மானிக்கவில்லை. அவள் காணப்போவதும் இல்லை.

மாறியது எது?

ஆக, ஆடைக்குப் பருவம் என்பது புதிதன்று. புதிது எது எனில், பருவத்தை யார் அமைக்கிறார் என்பதே. முன்பு காற்றும் ஆறும் பிறையும் அமைத்தன. அம்மூன்றும் படைத்தவனின் ஏற்பாட்டில் நடப்பவை. ஒருவருடைய இலாபத்துக்காக விரைவுபடுத்த இயலாதவை. இன்றைய சீசனை அமைப்பது விற்பனைக் கணக்கு. சென்ற ஆண்டு வாங்கியது கிழியாதிருந்தும் பழையதாகிவிட வேண்டும் என்பதே அதன் விதி.

இங்கே ஒரு நபிமொழி நம் நெஞ்சில் நிற்கிறது. உம்மு காலித் என்னும் சிறுமிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேலைப்பாடமைந்த ஒரு சிறு கறுப்பு ஆடையைத் தம் திருக்கரத்தால் அணிவித்து, அதன் அழகை அச்சிறுமி வளர்ந்த அபிசீனிய நாட்டு மொழியிலேயே புகழ்ந்து மகிழ்ந்தார்கள். அவ்வாடையை நைந்து இற்றுப்போகும் வரை அவள் உடுத்த வேண்டும் என்றும் வாழ்த்தினார்கள். புத்தாடையின் மகிழ்ச்சியும் அதில் உண்டு, பூவேலையின் அழகும் உண்டு. ஆயினும் வாழ்த்து எதற்கு? நீண்ட நாள் உடுத்துவதற்கு. பருவந்தோறும் கழித்துக்கட்டும் இன்றைய போக்குக்கு நேர் எதிரான வாழ்த்து அது.

நம் உம்மும்மாவின் துப்பட்டி அந்த வாழ்த்தின் வழியிலேயே வாழ்ந்தது. உடுத்த முடியாத அளவுக்கு நைந்த பின் அது தொட்டிலாயிற்று; தொட்டில் இற்ற பின் அடுப்படியில் பிடிதுணியாயிற்று. அவர்களும் பெருநாளுக்குப் புத்தாடை விரும்பியவர்கள்தாம்.

இறுதியாக ஒன்று. மேலப்பாளையத்தில் தறிகள் ஒடுங்கிய வீடுகளில் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றத் தொடங்கினர். அன்று பிறர் பெருநாளுக்குத் தார் சுற்றிய குடும்பங்களின் விரல்கள் அவை. ரமலான் பருவத்தில் கடைகளில் ‘ஜகாத் சேலை’ என்று தனியே அடுக்கி வைக்கின்றனர். வாங்குபவர் தாம் உடுத்த ஒருபோதும் எண்ணாத துணி அது. இரண்டு சலவையில் வெளிறும் அச்சேலை, முன்னாள் நெசவாளியின் வீட்டுக்கே தருமமாகப் போய்ச் சேர்கிறது. துணியின் தரத்தை இழையைத் தொட்டே அறிந்தவர்களுக்கு அது எத்தகைய துன்பம்! நீங்களே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மனங்கொள்ளாத பொருளைத் தருமம் செய்ய நாடாதீர்கள் என்ற கருத்தைத் திருமறை பகரா அத்தியாயத்தில் தெளிவாக வைத்திருக்கிறது.

அடுத்த ரமலான் எப்பருவத்தில் வந்தாலும் சரி. நம் இல்லத்துப் பெண்கள் தங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் அதே கண்ணோடு ஜகாத்துக்கும் துணி தேர்ந்தெடுக்கட்டும்; இயன்றால் அது கைத்தறியாக இருக்கட்டும். பத்துச் சேலைக்கான தொகையில் ஐந்துதான் கிடைக்கும் எனில் ஐந்தே கொடுப்போம். அவை நைந்துபோகும் வரை உடுத்தத் தக்கவையாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கான நல்லெண்ணத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக.